மருந்தடிக்கும்போது மாஸ்க்கும் கிளவுஸும் தொல்லை தருகிறதா? தொல்லையை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்

முதுகில் மாட்டும் ஸ்பிரேயரைப் பழுது பார்ப்பது என் தொழில். ஊர் பெரம்பலூர் பக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. மெஷினைக் கையில் வாங்கியதும் "என்ன செய்யுது?" என்று கேட்பேன். "கீழ ஒழுகுது", "பிரஷர் நிக்க மாட்டேங்குது", "ஒரு பக்கமா பீச்சுது" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே வாஷரா, வால்வா, நாசிலா என்று பாதி தெரிந்துவிடும்.

அதே ஆட்களிடம் "மூஞ்சிக்கு என்ன கட்டுறீங்க?" என்று கேட்டால் பாதிப் பேர் தோளில் கிடக்கும் துண்டைக் காட்டுவார்கள். மீதிப் பேர், "மாஸ்க்கு வாங்குனேண்ணே, மூச்சு முட்டுச்சு, கழட்டிப் போட்டுட்டேன்" என்பார்கள். மெஷின் ஒழுகினால் யாரும் அதைக் கிணற்றில் வீசுவதில்லை, தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். மாஸ்க் முட்டினால் மட்டும் கழற்றி வரப்பில் எறிந்துவிடுகிறார்கள். முட்டுவதும் ஊறுவதும் எரிவதும் கண்ணாடி மூடுவதும்கூடப் பழுதின் அறிகுறிகள்தான். வாங்கிய பொருள் மாறியிருக்கும், அல்லது மாட்டிய விதம் தப்பாயிருக்கும், இல்லையென்றால் அடிக்கிற நேரம் தப்பாயிருக்கும். பட்டறைத் திண்ணையில் நான் கேட்ட புகார்களையும், ஒவ்வொன்றுக்கும் எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தப் பருவத்தில் எங்கள் பக்கத்திலும் உயிர் போனது. அந்த வருடம் செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டிய மருந்தை நெற்றிக்கு மேலே அடித்தார்கள். புகைபோல் நுண்ணியதாகத் தெளிக்கும் மெஷின் வேறு. அடித்ததெல்லாம் அடித்தவர் மேலேயே இறங்கியது. செடி நெஞ்சு உயரத்தைத் தாண்டிவிட்டால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கவனமாகப் படியுங்கள்.

தலை சுற்றுது, வேர்த்து ஊத்துது. வெயிலா, மருந்தா?

வரிசைப்படி இது கடைசியில் வரவேண்டியது. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் முதலில் வைக்கிறேன்.

முழுக்கை, மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டவருக்கு மயக்கம் வந்தால் "வெயில்தான், கொஞ்சம் உக்காரு" என்று சொல்லிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். பல நேரம் அது வெயில்தான். ஆனால் புரோஃபெனோஃபாஸ், குளோர்பைரிஃபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகை மருந்து உடம்பில் ஏறினாலும் தலைவலி, வேர்வை, குமட்டல், அசதி என்று அதே மாதிரிதான் தொடங்கும். வித்தியாசம் கண்ணிலும் வாயிலும் தெரியும்.

வெயில் தாக்கியவருக்கு வாய் வறண்டு கிடக்கும், எச்சில் கூட்டித் துப்ப முடியாது. நாடி வேகமாக ஓடும். கண்ணின் கருமணி சாதாரணமாக இருக்கும், அல்லது விரிந்திருக்கும். மருந்து ஏறியவருக்கு எல்லாம் நீராக ஒழுகும்: எச்சில், கண்ணீர், மூக்கு. கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும், பார்வை மங்கும். வயிற்றைப் பிசையும், வாந்தியும் பேதியும் வரும். நெஞ்சு இறுகும், கண் இமையிலோ தொடையிலோ சதை தானாகத் துடிக்கும். வாய் வறட்சியா, வாயில் எச்சில் ஊற்றா என்பதை முதலில் பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் மருந்தென்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கமாக வயலை விட்டு நிழலுக்குக் கொண்டுபோங்கள். உடுப்பு முழுவதையும் கழற்றுங்கள். கழற்றுகிறவர் கையில் கிளவுஸோ, ஒன்றும் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டுத் தலைமுடி, காது மடல், நகக்கண், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் கழுவுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ புளிக்கரைசலோ ஊற்றாதீர்கள். மருந்துப் பாட்டிலை, அதன் லேபிளோடு, கூடவே அனுப்புங்கள். இந்த வகை மருந்துக்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் போடுவார்கள்; எல்லா விஷத்துக்கும் அது பொருந்தாது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. அதனால்தான் பெயர் தெரிய வேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இதை மெஷின் டேங்க் மேல் பெயிண்டில் எழுதித் தருகிறேன், காசு வாங்குவதில்லை.

வெயில்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் நிழல், ஈரத்துணி, விசிறி, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் போதும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அதற்கும் 108தான்.

மாஸ்க் போட்டும் மருந்து நெடி வருது

அதிகம் வரும் புகார் இது. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, மாஸ்க்கே அதற்கானது இல்லை. கொரோனா காலத்தில் வீட்டில் மிஞ்சிய என்95ஐ எடுத்து மாட்டிக்கொண்டு வருகிறார்கள். என்95 என்பது காற்றில் மிதக்கும் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் துணி. தூசியையும் தெளிப்பின் நுண்துளியையும் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. நெடி என்பது ஆவி. அது துணியின் வழியே தாராளமாக உள்ளே போகும். ஆவிக்குக் கரி வேண்டும், அதாவது ஊக்கிய கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க்.

என்95இல் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்த 'என்' என்ற எழுத்துக்கு எண்ணெய் ஆகாது என்று பொருள். அதன் துணியில் ஏற்றி வைத்திருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் அது செத்துப்போகும். மருந்துப் பாட்டிலில் 'ஈ.சி.' என்று போட்டிருந்தால் உள்ளே எண்ணெய் போன்ற கரைப்பான் இருக்கிறது. அதற்கு 'ஆர்' அல்லது 'பி' எழுத்துள்ள வடிகட்டி வேண்டும்.

இரண்டாவது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனது. கரிக்கு வயிறு ஒன்றுதான். நிறைந்த பிறகு கரி ஆவியைப் பிடிக்காது. நேற்றுவரை வராத நெடி இன்று வந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள், பேரம் பேசாதீர்கள். தயாரிப்பவர் கணக்குச் சொல்லவில்லை என்றால் மொத்தம் 8 மணி நேர வேலைக்கு ஒரு ஜோடி என்பது அமெரிக்க விவசாய விதிகளில் உள்ள கணக்கு. பொருத்திய தேதியை மார்க்கரில் எழுதி வையுங்கள். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் ராத்திரியெல்லாம் சும்மா காற்றை உறிஞ்சியே கரி தீர்ந்துவிடும். மருந்து வைக்கும் அறையிலேயே தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கவே வேண்டாம்.

நிறத்தையும் பாருங்கள். கரைப்பான், பூச்சிமருந்து ஆவிக்கு ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டை, அமெரிக்க முறையில் கறுப்பு. பச்சை இரண்டிலுமே அம்மோனியாவுக்கு. ஒருவர் பச்சைப் பட்டை வாங்கி வந்து, "பச்சைன்னா விவசாயத்துக்குண்ணு நினைச்சேன்" என்றார். சிரித்தேன், ஆனால் அவர் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது, ஓரத்துக் கசிவு. மாட்டியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். உள்ளங்கையால் கார்ட்ரிட்ஜ் இரண்டையும் பொத்திக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டு சில நொடி அப்படியே நிற்க வேண்டும். பிறகு வெளிமூச்சு வால்வைப் பொத்திக்கொண்டு லேசாக ஊதினால் மாஸ்க் உப்ப வேண்டும், ஓரத்தில் காற்று போகக்கூடாது. நம்முடைய பம்பில் வாஷர் பிடிக்கிறதா என்று பார்க்கிற அதே சோதனைதான். வாஷருக்கு அடியில் ஒரு உமி சிக்கினாலும் பிரஷர் நிற்காது அல்லவா? மூன்று நாள் முள்தாடி அந்த உமி மாதிரி. மீசை மாஸ்க்குக்குள் அடங்கினால் பரவாயில்லை. தாடி விளிம்பைத் தாண்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வீண். மலைக்கு மாலை போட்டிருக்கும் நாட்களில் மருந்தடிப்பை வேறு ஆளிடம் விட்டுவிடச் சொல்கிறேன்.

நெடி வரவில்லை என்பதற்காக மருந்து வரவில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. நெடி பெரும்பாலும் கரைப்பானுடையது. சில மருந்துக்கு வாசமே இருக்காது.

மூச்சு முட்டுது

எப்போது முட்டுகிறது என்று கேட்பேன். மாட்டிய உடனேயா, அரைமணி கழித்தா?

அரைமணி கழித்து என்றால் துணி மாஸ்க் நனைந்திருக்கிறது. வேர்வையும் மூச்சின் ஈரமும் சேர்ந்து மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது. கிண்ணம் மாதிரி விறைப்பாக நிற்கும் மாஸ்க் ஒட்டாது. வெளிமூச்சு வால்வு உள்ளதாக வாங்குங்கள், சூடும் ஈரமும் அது வழியே போய்விடும். 2020 ஜூலையில் வால்வு வைத்த என்95 வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை சொன்னது பலருக்கு நினைவிருக்கிறது. அதனால் "வால்வு கெட்டது" என்று மனதில் பதிந்துவிட்டது. அது நோயாளியின் மூச்சு வடிகட்டாமல் வெளியே போய் அடுத்தவரைத் தொற்றும் என்பதற்காகச் சொன்னது. பருத்திக்கு உங்கள் மூச்சால் ஒன்றும் ஆகாது. வயலுக்கு வால்வுதான் நல்லது.

மாட்டிய உடனே முட்டினால் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது வால்வின் ரப்பர் இதழ் உப்பு காய்ந்து ஒட்டியிருக்கலாம். மூடியைத் திறந்து இதழை விரலால் தூக்கிப் பாருங்கள். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி நிழலில் காயவையுங்கள். என் பட்டறைக்கு வந்த "முட்டுகிற" ரப்பர் மாஸ்க்குகளில் பலவற்றுக்கு இது மட்டும்தான் வைத்தியம்.

பயத்தில் இரண்டு மூன்று மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறவர்களும் உண்டு. மூச்சு சுலபமான வழியைத் தேடும், அதனால் ஓரத்தில்தான் போய்வரும். பாதுகாப்பு குறையும், முட்டல் கூடும்.

16 லிட்டர் டேங்க்கை முழுக்க நிரப்பி, கரிசல் கட்டியில் தடுக்கித் தடுக்கி ஓட்டமும் நடையுமாகப் போனால் மாஸ்க் இல்லாமலேயே மூச்சு முட்டும். 12 லிட்டர் போதும். ஆஸ்துமா, நெஞ்சுவலி உள்ளவர்கள் எந்த மாஸ்க் போட்டும் இந்த வேலைக்கு வரவேண்டாம்.

"நான் துண்டுதான் கட்டுறேன், ஒண்ணும் ஆகல"

இது புகார் இல்லை, பெருமை. ஆனாலும் பழுதுதான். நனைத்துக் கட்டிய துண்டு குளுமையாக இருக்கும், உண்மை. தெளிக்கும்போது பறக்கும் துளியெல்லாம் அந்தத் துண்டில் இறங்கி ஊறும். அரை ஏக்கர் முடிவதற்குள் மருந்தில் தோய்த்த துணியை மூக்கிலும் வாயிலும் பற்றுப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதே துண்டால் முகத்தைத் துடைத்து, அதே துண்டை விரித்து மரத்தடியில் படுப்போம். துண்டை விட முடியாது என்றால் மாஸ்க்குக்கு மேலே, தலையையும் கழுத்தையும் மூடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள்.

துவைச்ச பிறகும் என்95 புதுசு மாதிரி இருக்கு

இருக்கும். மேலே சொன்ன மின்னூட்டம் சோப்பிலும் சானிடைசரிலும் போய்விடும், பார்வைக்குத் தெரியாது. துவைத்த என்95 வடிவத்தில் மட்டும்தான் என்95. நனைந்தாலோ மருந்து பட்டாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். ரப்பர் மாஸ்க்கின் முகப்பகுதியைக் கழுவலாம், கார்ட்ரிட்ஜைக் கழுவக் கூடாது.

கண்ணாடி மூடிக்குது, வழி தெரியல

மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறது, சூடான மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படிகிறது. ஆகவே இது கண்ணாடியின் கோளாறு இல்லை, மாஸ்க்கின் கசிவைக் காட்டிக்கொடுக்கும் விளக்கு. மூச்சு வெளியே போகும் வழியில் மருந்து உள்ளே வரும்.

மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடியும், பக்கங்களில் சந்து விழும். இரண்டு கை விரல்களையும் நடுவில் வைத்து, வெளிப்பக்கமாக நீவிக்கொண்டே போய்க் கன்னத்தோடு படியவிட வேண்டும். மேல் பட்டை உச்சந்தலையின் பின்புறம், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் கழுத்திலேயே போட்டுக்கொள்கிறவர்களுக்குக் கண்ணாடி கட்டாயம் மூடும். கண்ணாடியை உள்பக்கம் துளி சோப்பு கலந்த தண்ணீரில் தேய்த்து, அலசாமல் உலர்த்தி, மெல்லிய துணியால் லேசாக ஒற்றுங்கள். ஒரு பொழுதுக்குத் தாங்கும். ஓரத்தில் மறைவான காற்றுத் துளை உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள்; நேராகத் துளை போட்டதில் மருந்து உள்ளே வரும்.

நடக்கவே முடியாத அளவுக்கு மூடினால் கழற்றத்தான் செய்வோம், அது மனித சுபாவம். ஆனால் மருந்து கலக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குக் கண்டிப்பாகக் கழற்றாதீர்கள். டேங்க்கில் இருப்பது தண்ணீர் கலந்தது. பாட்டிலில் இருப்பது அசல். தெறித்தால் கண்ணுக்குப் போவது அசல்.

முகமும் உதடும் குறுகுறுன்னு எரியுது

சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் மாதிரி மருந்துகளின் கையெழுத்து இது. அடித்துவிட்டு வந்து சில மணி நேரம் கழித்து, முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். சிவப்போ கொப்புளமோ தெரியாது. வேர்வையும் வெயிலும் வெந்நீரும் பட்டால் அதிகமாகும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாக அடங்கும். குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிய பிறகு வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் தணியும். மறைக்காத இடத்தில் படவில்லை என்றால், கிளவுஸ் கையால் நெற்றி வேர்வையைத் துடைத்திருப்பீர்கள். அதுதான் வழக்கமான பாதை. நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டிக்கொண்டால் கை மேலே போகாது.

உதடும் நாக்கும் மட்டும் மரத்தால் நான் வேறு கேள்வி கேட்பேன்: "நாசில வாய வச்சு ஊதுனீங்களா?" தலையைக் குனிந்துகொள்வார்கள். அடைத்த நாசிலைத் தண்ணீரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ புல்லின் ஈர்க்காலோ எடுங்கள். இதற்காகவே டேங்க் பட்டையில் ஒரு பிரஷ்ஷைக் கட்டித் தருகிறேன். பத்து ரூபாய் சமாசாரம்.

கிளவுஸுக்குள்ள கை ஊறுது, அரிக்குது

கழற்றிக் கையை மோந்து பாருங்கள். வேர்வை வாசம் மட்டும் என்றால் அது வெறும் ஊறல். மருந்து வாசம் அடித்தால் கிளவுஸ் உங்களைக் காக்கவில்லை, மருந்தைக் கையோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது.

துணி கிளவுஸ், தோல் கிளவுஸ் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே பஞ்சு வைத்த ரப்பரும் வேண்டாம். ஆஸ்பத்திரி லேடெக்ஸ் கிளவுஸைக் கரைப்பான் சீக்கிரம் துளைத்துவிடும், சிலருக்கு லேடெக்ஸே அலர்ஜி. வாங்க வேண்டியது நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸ்: கெட்டியானது, முழங்கைப் பக்கம் வரை நீளமானது, உள்ளே துணி இல்லாதது. பெரிய சைஸ் வழுக்கும், சின்னது விரலைப் பிடிக்கும். கடையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றிப் பிதுக்கிப் பாருங்கள், டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

சட்டைக்கை உள்ளேயா வெளியேயா என்பது சண்டை போடுகிற அளவுக்கு வரும் கேள்வி. கை தாழ்ந்து வேலை செய்தால் சட்டைக்கை கிளவுஸுக்கு மேலே வரட்டும், வழிகிற மருந்து வெளியே சொட்டும். மா, தென்னை, ஆளுயரச் செடி என்று கை தூக்கி அடித்தால் கிளவுஸ் சட்டைக்கைக்கு மேலே வரட்டும், விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். இல்லையென்றால் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடும்.

கழற்றுவதற்கு முன்பு கிளவுஸோடு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பீடியோ வெற்றிலையோ அதற்குப் பிறகு, வெறுங்கையையும் கழுவிவிட்டு.

முதுகு நனையுது, இடுப்பு எரியுது, தொடையிடுக்கு அரிக்குது

எனக்கு அதிகக் கவலை தரும் புகார் இதுதான். ஏனென்றால் எல்லோருக்கும் பயம் மூக்கைப் பற்றி. மருந்து அதிகமாக உள்ளே போவது தோல் வழியே.

பாரத்தியான் என்ற பழைய மருந்தை மனிதத் தோலில் இடம் இடமாகத் தடவிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. முன்கை உறிஞ்சியது 9 சதவீதம் அளவு. நெற்றி சுமார் 36. அக்குள் சுமார் 64. விரைப்பை கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சியது. இப்போது நம் ஆட்கள் மருந்தடிக்கிற கோலத்தை நினைத்துப் பாருங்கள்: தூக்கிக் கட்டிய கைலி, அல்லது அரைக்கால் டவுசர். டேங்க் மூடியில் ஒழுகும் மருந்து முதுகில் இறங்கி, இடுப்புக் கயிற்றைத் தாண்டி, எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கேயே போய்ச் சேர்கிறது. சித்தப்பா ஒருவர் ரொம்ப நாள் "சூட்டுக் கடுப்பு" என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய டேங்க்கை நான் கவிழ்த்துப் பார்த்தேன். மூடி வாஷர் வெடித்திருந்தது.

ஆகவே முதல் வைத்தியம் உங்களுக்கு இல்லை, மெஷினுக்கு. தண்ணீர் மட்டும் ஊற்றி, முதுகில் ஒரு பழைய செய்தித்தாளை வைத்து மாட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். தாள் எங்கே நனைகிறது? மேலே என்றால் மூடி வாஷர், அல்லது கழுத்து வரை நிரப்பியிருக்கிறீர்கள். நடுவில் என்றால் டேங்க்கில் கீறல். கீழே என்றால் பம்ப் சீல் அல்லது ஹோஸ் கிளிப். கை நனைந்தால் கைப்பிடி வால்வு. இவற்றில் எதுவும் பெரிய செலவு இல்லை.

பிறகு உடுப்பு. கால்வரை பேண்ட், முழுக்கைச் சட்டை, நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தி. முதுகுக்கு ஒரு பாலித்தீன் தாள் போதும். கெட்டியான புதுப் பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைக்கும் துளை போட்டு பனியன் மாதிரி மாட்டிக்கொள்ளலாம். பக்கங்கள் திறந்திருந்தால் காற்றும் வரும். மருந்து வந்த பையை எடுக்காதீர்கள். கலக்கும்போது முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன். உள்ளாடை நனைந்தால் அந்த ஏக்கர் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மோட்டார்க் கொட்டகைக்குப் போய்க் கழுவி, மாற்றிக்கொண்டு வாருங்கள்.

நெல் வயலில் பூட்ஸ் சேற்றில் புதைந்து கழன்றுவிடும், அதற்கு எனக்கு நல்ல வழி தெரியவில்லை. அடித்த பயிருக்குள் கால் வைக்காமல், அடிக்காத பக்கம் நகர்ந்துகொண்டே பக்கவாட்டில் அடிப்பதும், கரையேறியதும் தொடை வரை சோப்புப் போட்டுக் கழுவுவதும்தான் நான் செய்வது. புன்செய்யில் ரப்பர் பூட்ஸ் போடலாம். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும்.

முழு உடுப்பு போட்டா வெந்து போறேன்

கொரோனா காலத்து வெள்ளை உடுப்பை வைத்திருப்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் கோயம்புத்தூர் சிட்ரா என்ற ஜவுளி ஆய்வகத்துக்கு நாடு முழுக்கத் தைத்த அந்த உடுப்புகள் சோதனைக்கு வந்தன. அங்கே பார்த்தது செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்பதை. பூச்சிமருந்தின் கரைப்பான் வேறு பண்டம். ரத்தத்தை நிறுத்திய துணி அதை நிறுத்தும் என்று சொல்ல முடியாது, வேர்வையை மட்டும் உறுதியாக நிறுத்தும். சித்திரை, வைகாசி வெயிலில் அதைப் போட்டு அடிப்பது ஆபத்து என்றே சொல்வேன்.

2024 டிசம்பரில் பெங்களூரு இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'கிசான் கவச்' என்ற உடுப்பு வெளியானது. துணியிலேயே ஏற்றிய வேதிப்பொருள், புரோஃபெனோஃபாஸ் வகை மருந்து பட்டதும் அதை உடைத்துவிடும். துவைத்து ஓராண்டு வரை உடுத்தலாம் என்றார்கள், அப்போதைய விலை 4,000 ரூபாய். தடுப்பதற்குப் பதில் முறிப்பது என்பதால் துணி மூச்சு விடும், யோசனை அருமையானது. கூலிக்கு மருந்தடிக்கிறவர் நாலாயிரம் கொடுப்பாரா என்பது வேறு விஷயம். அதை வயலின் சொந்தக்காரர்தான் வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நேரத்தை மாற்றுங்கள். விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் இறக்கிவிடுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். தண்ணீர்க் குடம் மருந்து கலக்கும் இடத்திலிருந்து தள்ளி, காற்று வரும் பக்கம் இருக்கட்டும். டேங்க் காலியாகும் ஒவ்வொரு முறையும் நிழலுக்கு வந்து, கிளவுஸைக் கழுவிக் கழற்றி, மாஸ்க்கை இறக்கி, ஐந்து நிமிடம் உட்காருங்கள். பாட்டிலில் விஷத்தின் கடுமையைக் காட்டும் சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கவசம் எதையும் குறைக்க இடமில்லை. நீலமோ பச்சையோ உள்ள மருந்து அதே பூச்சிக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். வெக்கையைக் குறைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

காது வலிக்குது, மூக்குத்தண்டு புண்ணாகுது

காதில் மாட்டும் வகையை விட்டுத் தலைப்பட்டை வகைக்கு மாறுங்கள். புண்ணுக்கு வாசலைன் தடவி மாஸ்க் போடாதீர்கள். எண்ணெய் விளிம்பை வழுக்கவிடும், துணியையும் கெடுக்கும். தினமும் ஒரே இடத்தில் புண்ணானால் சைஸ் தவறு.

அடிக்காத நாள்லயும் அரிப்பு

உடுப்பு துவைபடவில்லை. மருந்துச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு மறுநாள் அதையே எடுத்து மாட்டுகிறோம். வேர்வை பட்டதும் காய்ந்த மருந்து மறுபடி ஊறும். அன்றைக்கே, வீட்டுத் துணியோடு சேர்க்காமல், முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு தடவை துவைத்து, வெயிலில் காயவையுங்கள். பாட்டில் மருந்து அப்படியே கொட்டிய துணியைத் துவைக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அலசிய தண்ணீர் கிணற்றடிக்கோ மாடு குடிக்கும் தொட்டிக்கோ போகக் கூடாது.

பெண்கள் சிலர் கை அரிப்பு என்று வந்து கேட்டிருக்கிறார்கள், அவர்கள் வயலுக்கே போகாதவர்கள். துவைக்கிறவர் கையிலும் கிளவுஸ் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அதற்கென்று சிவப்பு வாளி ஒன்று தனியாக இருக்கிறது. மருந்தடித்த அன்று அதில் துவைப்பது நான்தான்.